அப்பளம் எங்கே உடைகிறது?

எங்கள் வடிவமைப்புக் கல்லூரியில் நாலு பேர் இருந்தார்கள். இருந்தார்கள் என்றால், படித்து முடித்துப் போயிருக்க வேண்டிய வருஷத்துக்கு அப்புறமும் இருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் நாலே வருஷத்தில் பார்த்துவிட்டுப் போன கல்லூரியை இவர்கள் ஆறாவது வருஷமாக, ஒரு அவசரமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அங்கே பட்டறைப் பொறுப்பாளன். ரம்பம், சுத்தியல், தகடு வெட்டும் மெஷின் எல்லாம் என் சாவிக்குள்தான் அடக்கம். இந்தக் கதையில் வரப்போகிற தகடு அத்தனையும் என் மெஷினில் வெட்டியது. ஆகவே நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நால்வரில் தலைவன் சோலையப்பன். எதையும் யோசித்துத்தான் செய்வான், அதனால்தான் எல்லாம் அப்படி ஆனது. அடுத்து பவளக்கொடி. கண்ணில் பட்டதையெல்லாம் நேரம் போட்டு நோட்டில் எழுதுகிற பெண். ஒருமுறை வகுப்பில் பேராசிரியர் தும்மியதைக்கூட 'பதினொன்று இருபது, தும்மல், காரணம் தெரியவில்லை' என்று எழுதி வைத்திருந்தாள். மூன்றாவது ஜெபஸ்டின், சந்தேகம் கேட்பவன். நாலாவது மீரான். கைவேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. என்ன செய்யச் சொன்னாலும் சுத்தமாகச் செய்து விடுவான். என்ன செய்யச் சொல்வது என்பது மற்ற மூவரின் பொறுப்பு.

எங்கள் கல்லூரியில் ஒரு விதி உண்டு. கடைசி வருஷத்தில் ஒவ்வொரு குழுவும் பேர்பெற்ற ஒரு கம்பெனியைப் பிடித்து, அந்தக் கம்பெனியின் பொருளில் இருக்கும் ஒரு குறையைத் தீர்த்துவைக்க வேண்டும். தீர்ந்தது என்பதற்கு அடையாளமாக முதலாளி ஏற்புப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை. மூன்று தடவை முயலலாம், அதற்குமேல் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

முதல் தடவை இவர்களுக்கு வாய்த்தது ஒரு பிளாஸ்டிக் வாளிக் கம்பெனி. "தண்ணி தூக்கும்போது கனமா இருக்குன்னு சொல்றாங்க, கனத்தைக் குறைச்சுக் குடுங்க" என்றார் முதலாளி. நால்வரும் தராசோடு போய் நிறுத்துப் பார்த்தார்கள். வாளி முக்கால் கிலோ, தண்ணீர் பதினாறு கிலோ. கனம் வாளியில் இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது என்று ஒருமனதாகக் கண்டுபிடித்து, அடியில் பதினோரு ஓட்டையுள்ள வாளி ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். குழாயடியிலிருந்து வீடு வருவதற்குள் கைக்கு எந்தக் கனமும் தெரியாது. வாளிக்காரர் கையெழுத்துப் போடவில்லை.

இரண்டாவது தடவை கடிகாரக் கம்பெனி. தூங்குகிறவர்களுக்கு எரிச்சல் தராத அலாரம் வேண்டுமென்று கேட்டார்கள். ஆள் தானாக எழுந்து உட்கார்ந்த பிறகு மட்டும் அடிக்கிற அலாரத்தை இவர்கள் செய்தார்கள். ஐம்பது பேரிடம் சோதித்தார்கள். ஐம்பது பேரும் எரிச்சலே இல்லாமல் மதியம் வரை தூங்கினார்கள். கடிகாரக்காரரும் கையெழுத்துப் போடவில்லை.

இது போதாதென்று நால்வருக்கும் 'வடிவமைப்பு வரலாறு' என்ற பாடத்தில் அரியர் வேறு. நாலு தடவை எழுதி நாலு தடவையும் கோட்டை விட்டிருந்தார்கள்.

எனக்கு மற்ற மூவரைவிடச் சோலையப்பனை நினைத்தால்தான் மனசு கேட்காது. அவன் அப்பா திருமங்கலம் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். பையன் கல்லூரியில் சேர்ந்த சந்தோஷத்தில், நாலு வருஷம் பொறுக்காமல், 'மு. சோலையப்பன், பி.டெஸ்.' என்று மூன்றடி நீளத்துக்கு ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டியே விட்டார். பட்டம் வரும்வரை யாரும் படிக்கக் கூடாதே என்று அதன்மேல் ஒரு கோணிச்சாக்கைக் கட்டினார். நாலாம் வருஷம் போய் இரண்டு வருஷம் ஆகியும் சாக்கு அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகனுக்குப் போன் போடுவார்.

"சாக்கை எடுக்கலாமாப்பா?"

"இன்னும் இல்லப்பா."

"சரிப்பா. சாப்ட்டியா?"

இவ்வளவுதான் பேச்சு. திட்டினாலாவது தேவலை.

மூன்றாவது தடவைக்கு, அதாவது கடைசித் தடவைக்கு, பேராசிரியர் ஞானசிகாமணி தானே அலைந்து மதுரையில் ஒரு கம்பெனியைப் பிடித்துக் கொடுத்தார். மூன்று விசிறி மார்க் அப்பளம். முதலாளி மரகதவல்லி அம்மாள். வேலைக்காரப் பெண்கள் மட்டும் எழுபது பேர். ஊரில் பாதிக் கல்யாணப் பந்தியில் அந்த அம்மாள் அப்பளம்தான். நால்வரையும் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து விஷயத்துக்கு வந்தார்.

"இங்கருந்து நூறு அப்பளம் போனா பதினெட்டு உடைஞ்சிருது. எங்க உடையுது, எப்படி உடையுதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. லோடு ஏத்துறவனைக் கேட்டா டிரைவருங்குறான், டிரைவரைக் கேட்டா கடைக்காரருங்குறான். எனக்கு அப்பளம் உடையாமப் போய்ச் சேரணும், அம்புட்டுத்தான். செஞ்சு குடுங்க, நீங்க சொல்ற இடத்துல கையெழுத்துப் போடுறேன்."

பவளக்கொடி எழுதினாள்: 'அப்பளம் உடையாமப் போய்ச் சேரணும், அம்புட்டுத்தான்.'

வெளியே வந்ததும் பேராசிரியர் நால்வரையும் வேப்பமரத்தடியில் நிறுத்தி மூன்று கட்டளை சொன்னார். ஒன்று, பொருள் பிறந்த இடத்திலிருந்து அது முடிகிற இடம்வரை கண்ணெடுக்காமல் பின்னாலேயே போக வேண்டும். இரண்டு, எந்த இடத்திலும் தலையிடக் கூடாது. மூன்று, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், ஊகத்தை எழுதக் கூடாது. நல்ல கட்டளைகள்தான். வேறு பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

மறுநாள் காலை அப்பளம் காயப்போடும் மொட்டை மாடியில் நால்வரும் ஒரே ஒரு அப்பளத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதன் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அதுதான் நம் அப்பளம் என்று முடிவு செய்தார்கள். மாடியில் வேலை செய்த பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பயந்தார்கள், பத்து மணிக்கு மேல் பாவப்பட்டு மோர் கொடுத்தார்கள். மோரைக் குடிக்கும்போது கண்ணை எடுக்க வேண்டியிருக்குமே என்று முறை போட்டுக் குடித்தார்கள். மதியம் அப்பளம் காய்ந்தது. ஐம்பது அப்பளத்தோடு ஒரு பாக்கெட்டுக்குள் போனது. பாக்கெட்டில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு அதன் பின்னால் போனார்கள்.

லோடு ஏற்றுகிற இடத்தில் ஒருவர் கீழே நின்று பாக்கெட் மூட்டைகளை எறிய, லாரியின் மேல் நின்றவர் பிடித்தார். பேசிக்கொண்டே பிடித்ததால் மூன்றில் ஒன்றைப் பிடிக்கவில்லை. புள்ளி வைத்த பாக்கெட் இருந்த மூட்டை பிடிபடாத வகை. தொப்பென்று லாரிக்குள் விழுந்தது.

"உள்ள உடைஞ்சிருக்குமோ?" என்றான் ஜெபஸ்டின்.

"பாத்தியா?" என்றான் சோலையப்பன்.

"எப்படிப் பாக்குறது? பாக்கெட் ஒட்டியிருக்கு."

"திறந்து பாத்தா தலையிட்டதாயிடும். பாக்காம உடைஞ்சதுன்னு சொன்னா ஊகமாயிடும். ரெண்டும் கூடாதுன்னு சார் சொல்லிருக்காரு."

பவளக்கொடி எழுதினாள்: 'மூன்று பத்து. மூட்டை பன்னிரண்டு அடி உயரம் பறந்து விழுந்தது. உடைப்பு எதுவும் காணப்படவில்லை.'

லாரியில் நால்வரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். திருப்பரங்குன்றம் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது டிரைவர் பின்பக்கம் வந்து, அதே மூட்டைமேல் வசதியாக உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார். நல்ல கனத்த உடம்பு. 'நாலு ஐந்து முதல் நாலு இருபத்தைந்து வரை டிரைவர் மூட்டைமேல் அமர்ந்தார். மெத்தென்று இருப்பதாகத் தெரிவித்தார். உடைப்பு காணப்படவில்லை' என்று நோட்டில் ஏறியது.

கடைக்காரர் பாக்கெட்டை வாங்கி, வைக்க இடமில்லாமல் அடுக்கின் அடியில் செருகி, மேலே பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்தார். நால்வரும் இரண்டு நாள் அந்த அரிசிப் பைக்கு எதிரில் நின்றார்கள். வாங்க வந்தவர்கள் ஏதோ ரெய்டு என்று நினைத்து அடுத்த கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கும்பிட்டுக் கேட்டுப் பார்த்தார், நகரவில்லை. மூன்றாம் நாள் காலையில் தங்கப்பாண்டி என்ற தபால்காரர் அந்தப் பாக்கெட்டை வாங்கியபோது, அவரைவிடக் கடைக்காரருக்குத்தான் சந்தோஷம்.

தங்கப்பாண்டி தெரு திரும்பினார். நால்வரும் திரும்பினார்கள். அவர் நின்றார். நால்வரும் நின்றார்கள்.

"யாருப்பா நீங்க?"

"உங்களுக்காக வரலைங்க. அப்பளத்துக்காக வர்றோம். நாங்க இருக்குறதாவே நினைக்காதீங்க" என்றான் சோலையப்பன்.

தங்கப்பாண்டி நல்ல மனுஷர். முப்பது வருஷமாக ஊரார் வீட்டுக்கு வெயிலில் நடந்தவர், தன் வீடு தேடி வந்தவர்களை வாசலில் நிறுத்த மனம் வரவில்லை. உள்ளே கூப்பிட்டு இலை போட்டார். அவர் மனைவி பாக்கெட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். ஜெபஸ்டின் எட்டிப் பார்க்கப் போனான், அது தலையிடுதல் என்று சோலையப்பன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான். அதனால் பாக்கெட்டைப் பிரித்தபோது அந்த அம்மாள் "கருமம், பாதி தூளாத்தான் இருக்கு" என்று சொன்னது கேட்டதே ஒழிய, யாரும் பார்க்கவில்லை. பார்க்காததால் பவளக்கொடி எழுதவும் இல்லை.

உடையாத அப்பளமாகப் பொறுக்கிப் பொரித்து ஆளுக்கொன்று வந்தது. புள்ளி வைத்த அப்பளம் தங்கப்பாண்டியின் இலையில் விழுந்தது. முழு வட்டம், ஒரு விரிசல் கிடையாது. நால்வரும் தங்கள் இலையை மறந்து அதையே பார்த்தார்கள். தங்கப்பாண்டி ரசம் சாதத்தைப் பிசைந்து குழி பண்ணினார். அப்பளத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். கையை மூடி ஒரே நொறுக்கு.

"ஐயோ!" என்று எழுந்தாள் பவளக்கொடி.

"என்னம்மா, பல்லில கல்லா?" என்று பதறி வந்தார் தங்கப்பாண்டியின் மனைவி.

"பன்னிரண்டு நாப்பத்தி மூணு" என்றாள் பவளக்கொடி. நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் உழைப்பில் கண்ணால் பார்த்த முதல் உடைப்பு அது. சோலையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று, அந்த வாரம் முழுக்க முகூர்த்த நாள் பார்த்து ஆறு கல்யாணப் பந்தியில் நின்றார்கள். எண்ணூற்று நாற்பது அப்பளம் பார்த்தார்கள். எண்ணூற்று முப்பத்தெட்டைச் சாப்பிட்டவர்களே உடைத்தார்கள். மீதி இரண்டை ஜெபஸ்டின் உடைக்காமல் முழுசாக வாயில் வைக்கப் பார்த்து, ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தான்.

பட்டறையில் என் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துதான் இதை விவாதித்தார்கள்.

"எறிஞ்சாங்க, உடையல. மேல உக்காந்தாங்க, உடையல. அரிசி மூட்டை வச்சாங்க, உடையல" என்று நோட்டைப் புரட்டினாள் பவளக்கொடி. "உடைக்கிறது வாடிக்கையாளர்தான்."

"முதலாளியம்மா பாவம்டா. யார் யார் மேலயோ சந்தேகப்பட்டிருக்காங்க" என்றான் மீரான்.

"அப்ப வாடிக்கையாளரை மாத்திரலாமா?" என்றான் ஜெபஸ்டின்.

"வாடிக்கையாளர் மாற மாட்டார், பொருள்தான் மாறணும்னு ரெண்டாம் வருஷமே சார் சொல்லிருக்காரு" என்றான் சோலையப்பன்.

ஆகவே முதலில் பொருளை மாற்றிப் பார்த்தார்கள். மீரான் ஒரு ஒட்டுப்பலகையை அப்பள அளவுக்கு வட்டமாக வெட்டி, உப்பும் பெருங்காயமும் தடவி, கேன்டீன் எண்ணெயில் பொரித்தான். யார் கைக்கும் உடையவில்லை. ருசி பரவாயில்லை, ஆனால் ஊறக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது என்றான் ஜெபஸ்டின். ஒரு மணி நேரம் ரசத்தில் ஊறப்போட்டும் பதம் வராததால் அதைக் கைவிட்டார்கள். எனக்கு ஒரு பலகை நஷ்டம்.

பிறகுதான் பெட்டி யோசனை வந்தது. அப்பளம் அப்படியே இருக்கட்டும், வாடிக்கையாளர் கை அதன்மேல் படாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றான் சோலையப்பன். மீரான் எஃகுத் தகட்டில் பெட்டி செய்தான். மூடி வைக்கவில்லை. திறக்கிற இடம் என்று ஒன்று இருந்தால் கை நேராக அங்கேதானே போகும்? ஆறு பக்கமும் ஒன்றுபோல ரிவெட் ஆணி அடித்து, விளிம்பைத் தேய்த்து வழவழவென்று ஆக்கினான். உள்ளே அப்பளத்தைச் சுற்றி ரப்பர் பஞ்சு. இப்படி ஒரு சுத்தமான வேலையை என் பட்டறையில் நான் பார்த்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது மாடியிலிருந்து போட்டார்கள். வாசலில் ரோடு போட வந்த ரோலரின் அடியில் வைத்தார்கள். என்னைச் சுத்தியலால் அடிக்கச் சொன்னார்கள், என் சுத்தியல் பிடி முறிந்தது. உள்ளே என்ன ஆனது என்று எப்படித் தெரியும் என்று ஜெபஸ்டின் கேட்டதற்கு, சோலையப்பன் பெட்டியைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தான்.

"சத்தம் வரல. உடைஞ்சிருந்தா கலகலன்னு சத்தம் வந்திருக்கும். சத்தம் இல்லன்னா உடையல."

அன்றைக்கு அதுதான் சோதனை முறை என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஒப்படைக்கிற நாளில் நானும் கூடப் போனேன். பேராசிரியர் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். காலையில் சோலையப்பனின் அப்பா, ஞாயிறு இல்லாதபோதும், போன் போட்டிருந்தார். பையன் புதுச் சட்டை போட்டிருந்தான். ஏற்புப் படிவத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். நான் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

மரகதவல்லி அம்மாள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பளபளன்னு நல்லாத்தான் இருக்கு. எப்படித் தொறக்கிறது?"

பவளக்கொடி நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து மரியாதையாகப் படித்தாள். "'அப்பளம் உடையாமப் போய்ச் சேரணும், அம்புட்டுத்தான்.' தொறக்கணும்னு நீங்க சொல்லவே இல்லியேம்மா."

"தொறக்காம எப்படிம்மா திங்கிறது?"

"தின்னாத்தாம்மா உடையுது" என்றான் சோலையப்பன். "எண்ணூத்தி நாப்பது அப்பளம் பாத்துட்டோம்."

எனக்குத் திருமங்கலத்துச் சாக்கு கண்முன் வந்தது. முதலாளியம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று மீரான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். சிரித்து முடிக்க அவருக்கு அரை டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க, அந்த நோட்டைக் குடு பாப்பா" என்று வாங்கிப் புரட்டினார்.

புரட்டப் புரட்டச் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று பத்து, பன்னிரண்டு அடி. நாலு ஐந்து முதல் நாலு இருபத்தைந்து, டிரைவர். பத்துக் கிலோ அரிசிப் பை, இரண்டு நாள். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தார்.

"இருபது வருஷமா ஒருத்தனும் சொல்லலப்பா இதை. இந்த நோட்டை எனக்குக் குடுத்துருங்க."

"அந்தப் பக்கமெல்லாம் வேண்டாம்மா" என்று பவளக்கொடி வெட்கப்பட்டாள். "அதெல்லாம் உடையாத இடங்க. உடைஞ்ச இடம் கடைசிப் பக்கத்துல இருக்கு."

"இருக்கட்டும் பாப்பா" என்று சொல்லி, அம்மாள் பேனாவைத் திறந்து ஏற்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே லோடு ஏற்றுகிற இடத்தில் ஒரு சறுக்குப் பலகையும், டிரைவருக்கு ஒரு மடக்கு நாற்காலியும் வந்தன என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நம் நால்வரும் தங்கள் பெட்டியால்தான் உடைவது நின்றது என்று இன்றைக்கும் நம்புகிறார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனசில்லை.

படிவத்தைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கும் வேலை மிச்சம். அதன் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தது: 'மடிக்கக் கூடாது. கசங்கக் கூடாது. யாரும் பிரிக்க முடியாதபடி மூடி முத்திரையிட்டு ஒப்படைக்கவும்.' இதைச் சோலையப்பன் சத்தமாகப் படித்தபோது மீரான் ஏற்கெனவே தகடு வெட்ட ஆரம்பித்திருந்தான்.

தேர்வுப் பிரிவு குமாஸ்தா பெட்டியை நாலு பக்கமும் உருட்டிப் பார்த்து, "உள்ள படிவம் இருக்குறதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டிருக்கிறார். ஆட்டிக் காட்டியிருக்கிறார்கள். சத்தம் வரவில்லை, ஆகவே கசங்கவில்லை. விதியில் சொன்னபடி யாராலும் பிரிக்க முடியாமல் இருந்ததால் அவரால் குறை சொல்ல முடியவில்லை. மரகதவல்லி அம்மாளுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள், கையெழுத்துப் போட்டேன் என்றார் அவர். படிவம் பெறப்பட்டது என்று முத்திரை குத்திப் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

இனி அரியர் ஒன்றுதான் பாக்கி. சோலையப்பன் தன் அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப சாக்கோட ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி வைக்கவா?" என்று கேட்டாராம். பொங்கல் லீவுக்குப் போகும்போது மீரானையும் கூட்டிக்கொண்டு, நீளமாக ஒரு தகடும் என் ரிவெட் அடிக்கும் கருவியும் வாங்கிக்கொண்டு போனான் சோலையப்பன். என் பதிவேட்டில் 'சொந்த வேலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இதற்கிடையில் அலமாரியில் இருந்த பெட்டி தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கண்ணில் பட்டது. முந்தின வருஷம் வினாத்தாள் கசிந்து, அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பெட்டியை எடுத்தார், இழுத்தார், பேனாக்கத்தியால் நெம்பினார். ஒன்றும் ஆகவில்லை. அந்த மனுஷர் முகத்தில் ஒரு வருஷத்துக்கு அப்புறம் சிரிப்பு வந்தது என்று குமாஸ்தா சொன்னார். இனி வினாத்தாள் இதே மாதிரிப் பெட்டியில்தான் போகும், முதலில் சோதனையாக ஒரே ஒரு பாடத்துக்குச் செய்து பார்ப்போம் என்று உத்தரவு போட்டார். எழுதுகிறவர்கள் மிகக் குறைவாக உள்ள பாடமாகத் தேடியதில் கிடைத்தது வடிவமைப்பு வரலாறு, அரியர் தாள். பல்கலைக்கழகம் முழுவதிலும் அதை எழுத நாலே பேர்தான் இருந்தார்கள்.

பெட்டிக்குத் தகடு வெட்டிக் கொடுத்தது என் பட்டறை, வினாத்தாளை உள்ளே வைத்து ரிவெட் அடித்தது பல்கலைக்கழகத்து ஆள். ஏப்ரல் மாதம் காலை பத்து மணிக்குத் தேர்வு. பெட்டி வந்தது. அதன்மேல் 'கீறல் விழுந்தால் தேர்வு செல்லாது' என்று சிவப்பில் எழுதி ஒட்டியிருந்தது. மேற்பார்வையாளர் பத்தரை வரை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் தகடு அறுக்கும் கிரைண்டரோடு போனேன், ஒட்டியிருந்ததைப் படித்தேன், கிரைண்டரோடு திரும்பி வந்தேன். வேறு பிரதி உண்டா என்று பல்கலைக்கழகத்தைக் கேட்டார்கள். பிரதி எடுத்தால் கசியும் என்று எடுக்கவில்லை. கேள்வி தயாரித்த பேராசிரியருக்குப் போன் போட்டார்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்களே, நீங்கள் கேட்டாலும் சொல்வதாயில்லை என்று அவர் போனை வைத்துவிட்டார்.

மணி பதினொன்று. சோலையப்பன் விடைத்தாளில் பதிவு எண்ணை எழுதி, பிள்ளையார் சுழி போட்டு, மளமளவென்று எழுத ஆரம்பித்தான்.

"டேய், கேள்வி தெரியாம எப்படிடா எழுதுற?" என்று கிசுகிசுத்தான் ஜெபஸ்டின்.

"நாலு தடவை கேள்வி தெரிஞ்சு மட்டும் என்னத்தக் கிழிச்சோம்?"

நியாயமாகப் பட்டதால் மற்ற மூவரும் எழுத ஆரம்பித்தார்கள். பவளக்கொடி மூன்று தடவை கூடுதல் தாள் வாங்கினாள்.

விடைத்தாள் திருத்துகிறவர்கள் பாடு திண்டாட்டமானது. கேள்வி இன்னும் பெட்டிக்குள்ளேயே இருந்ததால், எந்த விடையையும் தப்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கூட்டம் போட்டுப் பேசினார்கள். தப்பு என்று காட்ட முடியாத விடைக்கு மதிப்பெண் மறுக்க விதியில் இடமில்லை என்று முடிவானது. நால்வருக்கும் நூற்றுக்கு நூறு.

முடிவு வந்த அன்று என் பட்டறையில்தான் நின்றிருந்தான் சோலையப்பன். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் அவனே போன் போட்டான். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு என் மேஜைமேல் வைத்தான்.

"அப்பா, பாஸாயிட்டேன். போர்டைத் தொறந்துரலாம்பா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

"சந்தோஷம்பா" என்றார் அவர். "ஊரே வாசல்ல நிக்குது, மாலைகூட வாங்கி வச்சிட்டேன். ஆனா மழையில பெயிண்டு உரியும், சாக்கை நம்ப முடியாதுன்னு பொங்கலுக்கு வந்தப்ப நீயும் அந்தத் தம்பியும் போர்டை ஒரு தகரப் பெட்டிக்குள்ள வச்சு அடிச்சிட்டுப் போனீங்களே. அதை எப்படிப்பா தொறக்கிறது?"

சோலையப்பன் என்னைப் பார்த்தான். நான் என் சுத்தியலின் புதுப் பிடியைப் பார்த்தேன்.

"அப்பா, கீழ இறக்கி, காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க."

மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. யாரோ "மெதுவா, மெதுவா" என்றார்கள்.

"ஆட்டிட்டேன்பா."

"சத்தம் வருதா?"

"வரல."

சோலையப்பன் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தான்.

"அப்பக் கவலையே படாதீங்கப்பா. மாலையைப் பெட்டிமேலயே போட்டுருங்க. பட்டம் உடையாமப் பத்திரமா இருக்கு."